மட்டக்குதிரைச் சேணம் நழுவுகிறது, பட்டையை எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை

பேரணாம்பட்டுத்தோல் | ஞாயிறு இரவு

வணக்கம். பேரணாம்பட்டில் ஷூ மேல்பாகம் தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு மாதம் முன்பு வரை எனக்கும் குதிரைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வேலூர் பக்கம் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தரும் ஒருவர் வந்து, "கான்பூர்ச் சேணம் எல்லாம் பெரிய குதிரை அளவில்தான் கிடைக்கிறது, என்னிடம் இருக்கிற மூன்று மட்டக்குதிரைக்கும் நீங்களே தைத்துக் கொடுங்கள்" என்றார். தோல்தானே, தைத்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அவரிடம் இருந்த பெரிய சேணம் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, எல்லா அளவையும் முக்கால் பங்காகக் குறைத்துத் தைத்தேன். சேணத்துக்குள் இருக்கும் மரச் சட்டம் நம்ம ஆசாரி செய்தது, அதன் முன்வளைவுக்கு இரும்புப் பட்டை. பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் குதிரை துள்ளு நடைக்கு மாறியதும் சேணம் மெல்ல மெல்லத் தோள் மேல் ஏறிவிடுகிறது. மணி என்கிற குதிரையில் இன்னொரு தொல்லை, ஒரு பக்கமாகச் சரிகிறது. போன வாரம் ஒரு பையன் சேணத்தோடு சேர்ந்து குதிரையின் வயிற்றுப் பக்கம் போய்விட்டான். நல்லவேளை, பாலாற்று மணல், அடி படவில்லை. வயிற்றுப்பட்டையை இன்னும் இரண்டு துளை இறுக்கினோம். சேணம் நிற்கவில்லை. முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

எங்கே தப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடிக்குதிரை | ஞாயிறு இரவு

முதலில் அந்தப் பட்டையைத் தளர்த்துங்கள் தம்பி. புண் ஆறும் வரை யாரையும் ஏற்றாதீர்கள்.

பெரிய குதிரையின் அளவைச் சுருக்கினால் மட்டக்குதிரை வராது. அது வேறு உருவம். பெரிய குதிரைக்குப் பிடரி முடிகிற இடத்தில் தோள்மேடு உயர்ந்து நிற்கும், சேணம் அதன் இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். மட்டக்குதிரைக்கு அந்த மேடு இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். முதுகு அகலம், விலா உருண்டை, வயிறு முன்னே சின்னதாகத் தொடங்கிப் பின்னே பெருத்துப் போகும். ஒரு தவிலைப் படுக்கவைத்து அதன் மேல் சேணம் கட்டிப் பாருங்கள், அதுதான் உங்கள் நிலைமை. இறுக்குவதால் தவில் தட்டையாகிவிடுமா?

மூன்று விஷயம் சொல்லுங்கள். குதிரை எத்தனை கை உயரம்? சேணத்தை வைத்துப் பட்டை கட்டாமல் விட்டால் முன்பக்கம் தூக்கி நிற்கிறதா, பின்பக்கமா? பட்டை தொங்குகிற இடமும் வயிறு மிகக் குறுகலாக இருக்கிற இடமும் ஒன்றா?

பேரணாம்பட்டுத்தோல் | திங்கள் காலை

அக்கா, மூன்றும் 12 கை சுமார். ஒரு கை 4 அங்குலம் என்று இப்போதுதான் கற்றுக்கொண்டேன், ஆக 4 அடி. முன்பக்கம் தூக்கித்தான் நிற்கிறது. மூன்றாவது கேள்வி புரியவில்லை. நாளை போய்ப் பார்க்கிறேன்.

ஜட்காபேரன் | திங்கள் மதியம்

எங்கள் தாத்தா வாணியம்பாடி ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டியவர். இதற்கெல்லாம் ஒரே வார்த்தை: துமச்சி. சேணத்தின் பின்னாலிருந்து ஒரு வார் முதுகோடு போய், நுனியில் உருண்டையான தோல் வளையமாகி வாலுக்கு அடியில் மாட்டும். சேணம் முன்னால் போகப் பார்த்தால் வால் பிடித்து நிறுத்தும். சேணத்துக்கு ஜீன், வயிற்றுப்பட்டைக்கு தங், வால்பட்டைக்கு துமச்சி, இப்படித்தான் அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் சொல்வார்கள். "துமச்சி இல்லாத மட்டத்துல ஏறினா மண்ணைத்தான் கவ்வணும் நைனா" என்பார் தாத்தா.

வாலடி வளையத்துக்குள் பஞ்சு வைக்கக் கூடாது. ஆளி விதையைத் திணித்துத் தைக்க வேண்டும். உடம்புச் சூட்டில் விதையின் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலில் இறங்கி, வளையம் எப்போதும் மெத்தென்று இருக்கும். காய்ந்த தோல் வாலடியில் உரசினால் இரண்டே நாளில் புண்தான்.

காட்பாடிக்குதிரை | திங்கள் மாலை

துமச்சி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை முதல் மருந்தாகச் சொல்லாதீர்கள். பொருந்தாத சேணத்துக்குத் துமச்சி போட்டால், நாள் முழுக்கச் சேணம் முன்னால் இழுக்கும், வால் பின்னால் இழுக்கும். நடுவில் அவஸ்தைப்படுவது குதிரை. துமச்சி சும்மா இருக்க வேண்டும், வாருக்கும் முதுகுக்கும் நடுவில் கை நுழைகிற தளர்ச்சியோடு. இறக்கத்திலோ தாண்டும்போதோ சேணம் நகரப் பார்த்தால் அப்போது மட்டும் அது வேலை செய்தால் போதும்.

பழக்காமல் மாட்டினால் உதைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய குதிரை ஒன்று முதல் நாள் துமச்சியோடு மைதானத்தை மூன்று சுற்று சுற்றியது, நான் இல்லாமல்.

கோட்டைமேடு | திங்கள் இரவு

குதிரை என்றதும் வந்துவிட்டேன். நம்ம வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளைப் பார்த்திருக்கிறீர்களா? சேணம் எல்லாம் அச்சாக இருக்கும். 1806 ஜூலை 10-இல் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்ததும் இந்த மண்ணில்தான். அவர்கள் சேணம் எப்படி நின்றதாம்?

ஜட்காபேரன் | திங்கள் இரவு

கல் குதிரைக்கு வியர்க்காது அண்ணே. கில்லெஸ்பியின் படைக் குதிரை மட்டக்குதிரையும் இல்லை. பேச்சைச் சேணத்தோடு விடுங்கள்.

மேல்விஷாரம்பாய் | செவ்வாய் காலை

குதிரை எனக்குத் தெரியாது, தோல் தெரியும். தம்பி, எந்தத் தோலில் வார் வெட்டினீர்கள்? ஷூ பட்டறை என்றால் குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலாகத்தான் இருக்கும். அது மெத்தென்று மடியும், ஆனால் இழுத்தால் நீளும். வயிற்றுப்பட்டை மாட்டுகிற வாரும், ஏறுபவர் கால் வைக்கிற அங்கவடியின் வாரும் நீளவே கூடாது. அதற்கு மரப்பட்டை போட்டுப் பதனிட்ட எருமைத் தோல் வேண்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்கில் ஊறிய தோல் என்றால் இன்னும் நல்லது. இப்போது பெரும்பாலும் வாட்டில் மரத்துப் பட்டைதான் போடுகிறார்கள், அதுவும் பரவாயில்லை.

அதிலும் எந்த இடத்தில் வெட்டுகிறீர்கள் என்பது முக்கியம். முதுகெலும்பை ஒட்டிய பின்பாகத்தில், முதுகின் நீளவாக்கில் வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கத்துத் தோலில் வெட்டினால் ஒரு மாதத்தில் இரண்டு துளை நீளும். இரண்டு பக்க வாரையும் ஒரே தோலில், பக்கத்தில் பக்கத்தில் வெட்டுங்கள். இடது வார் ஒரு தோல், வலது வார் வேறு தோல் என்றால் சேணம் கோணத்தான் செய்யும்.

தையல் மெஷின் வேண்டாம். இரண்டு ஊசி, ஒரே நூல், மெழுகு தேய்த்துக் கையால். மெஷின் தையலில் ஓர் இடம் அறுந்தால் வரிசையாகப் பிரியும். கைத்தையலில் ஒன்று அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் ஏறுகிற சாமான், அல்லாஹ் காப்பாற்றட்டும்.

பேரணாம்பட்டுத்தோல் | செவ்வாய் இரவு

பாய், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். குரோம்தான். அதுவும் துண்டு விழுந்ததில் வெட்டியது. வெட்கமாக இருக்கிறது.

அக்கா, இன்று போய்ப் பார்த்தேன். உங்கள் மூன்றாவது கேள்வி இப்போதுதான் புரிந்தது. வயிற்றின் குறுகலான பள்ளம் முழங்கைக்குப் பின்னால் நான்கு விரல் தள்ளி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இந்தக் குதிரைகளுக்கு அது முழங்கையை ஒட்டியே, ஒன்றரை விரல் தள்ளி இருக்கிறது. என் சேணத்தில் பட்டை மாட்டுகிற வார் தொங்குவதோ அதற்கு ஒரு சாண் பின்னால். சேணத்தைச் சரியான இடத்தில் வைத்துப் பட்டையைக் கட்டி, ஓர் ஆளை விட்டு நடத்திக்கொண்டே கூடவே குனிந்து பார்த்தேன். பத்தே அடி. பட்டை தானாக முன்னால் ஊர்ந்து பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. போகிற போக்கில் சேணத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. தோள் எலும்பு பின்னால் வரும்போதெல்லாம் சேணத்தை இடிக்கிறது, சேணம் கொஞ்சம் எழும்புகிறது, பட்டை இன்னும் முன்னால் போகிறது.

அதாவது சேணத்தை நழுவவைத்ததே நான் இறுக்கிய பட்டைதான். இறுக்க இறுக்க வேகமாக இழுத்திருக்கிறது.

காட்பாடிக்குதிரை | செவ்வாய் இரவு

அதேதான். பட்டை எப்போதும் தன் இடத்துக்குப் போகும், அதைத் தடுக்க முடியாது. நம்மால் ஆனது, வார் தொங்குகிற இடத்தை அதற்கு நேர் மேலே கொண்டுவருவது. வார் செங்குத்தாக விழ வேண்டும். சாய்ந்து விழுந்தால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சேணம் போகும்.

உங்கள் சேணத்துக்கு இப்படிச் செய்யலாம். முன்வார் ஒன்றைச் சட்டத்தின் முன்வளைவு நுனியிலிருந்தே இறக்குங்கள். பின்வார் இன்னொன்று, சேணத்தின் பின்பாதியிலிருந்து சாய்வாக முன்னால் வந்து அதே பக்கிள் வரிசையில் சேரட்டும். பக்கவாட்டில் பார்த்தால் ஒருபக்கம் நிமிர்ந்த 'வி' மாதிரி இருக்கும். முன்வார் சேணத்தைப் பள்ளத்துக்கு மேலே நிறுத்தும், பின்வார் பின்பக்கம் ஆடாமல் பிடிக்கும்.

ஒரு குறையும் உண்டு. முன்வாரை மட்டும் அதிகமாக இறுக்கினால் வளைவின் நுனி தோளுக்குப் பின்னால் குத்தும். இரண்டு வாரிலும் இழுப்பு பங்காக வேண்டும். இரண்டு வாரும் சட்டத்தில் தனித்தனி நாடாவில் பிடித்திருக்கட்டும், ஒன்று அறுந்தாலும் மற்றது இருக்கும்.

கரும்புத்தோட்டம் | புதன் காலை

இவ்வளவு எதற்கு? நழுவாத ரப்பர் விரிப்பு ஆன்லைனில் கிடைக்கிறது. நான் வாங்கிப் போட்டேன், நகரவே இல்லை.

காட்பாடிக்குதிரை | புதன் காலை

எந்த மாதம் போட்டீர்கள்?

கரும்புத்தோட்டம் | புதன் காலை

மார்கழி.

காட்பாடிக்குதிரை | புதன் காலை

சித்திரையில் போட்டுப் பார்த்து எழுதுங்கள். வேலூர் வெயிலில் ரப்பருக்கு அடியில் முதுகு வெந்துவிடும். வியர்வை வெளியே போக வழியில்லை, மேல்தோல் ஊறி, ரப்பர் பிடித்து இழுக்கும்போது மயிரோடு வரும். கம்பளியை அமுக்கிச் செய்த நம்தா விரிப்பு போடுங்கள். மயிரைப் பிடிக்கவும் செய்யும், வியர்வையை உறிஞ்சவும் செய்யும்.

பேரணாம்பட்டுத்தோல் | புதன் மதியம்

அக்கா, நானும் முன்பு இரண்டு விரிப்பைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். அப்போது இன்னும் மோசமாகச் சரிந்தது. இப்போது யோசித்தால் என் தொழிலிலேயே பதில் இருக்கிறது. இறுக்கமான ஷூவுக்குள் மூன்று சாக்ஸ் போட்ட கதை. முன்வளைவு ஏற்கெனவே குறுகல், அதனால்தான் முன்பக்கம் தூக்கி நின்றது. விரிப்பு ஏற ஏறச் சேணம் மேலே போய் உச்சியில் தொற்றிக்கொண்டிருக்கிறது. உச்சியில் இருப்பது உருளாமல் என்ன செய்யும்.

மாட்டாஸ்பத்திரி | புதன் இரவு

கால்நடை மருத்துவர் என்கிற முறையில் ஒன்று. மூன்றும் முன்னால் போகின்றன என்பது சேணத்தின் கோளாறு. ஆனால் மணி மட்டும் ஒரே பக்கம் சரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் அதே பக்கமா? அப்படியானால் சேணத்தை விட்டுவிட்டுப் பின்னங்காலைப் பாருங்கள். இங்கிலாந்தில் லைன் கிரேவ், சூ டைசன் என்ற இரண்டு மருத்துவர்கள் இதையே ஆராய்ந்தார்கள். பின்னங்காலில் நொண்டல் இருக்கிற குதிரைகள் பலவற்றில், கண்ணுக்குத் தெரியாத அளவு லேசான நொண்டலாக இருந்தாலும், சேணம் பெரும்பாலும் அந்தக் காலின் பக்கமே நகர்ந்தது. காலுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு வலியை எடுத்ததும் நழுவுவது நின்றது. முதுகு ஒரு பக்கமாக ஆடி ஆடிச் சேணத்தைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் சின்னக் காரணங்களையும் கழித்துவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் இடப்பக்கமாகவே அங்கவடியில் கால் வைத்துத் தொற்றி ஏறினால் இடது வார் நீளும், சேணமும் அந்தப் பக்கம் இழுபடும். ஒரு மரப்பெட்டி போட்டு ஏறச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வாரையும் இடம் மாற்றி மாட்டுங்கள்.

எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சுச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் குதிரையின் எடை கிலோவில் ஏறக்குறைய வரும். சுற்று 140, நீளம் 130 என்றால் 214 கிலோ. ஆளும் சேணமும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 43 கிலோ. பிள்ளையைப் பார்க்க வந்த மாமா ஏறி ஒரு சுற்று வருவதெல்லாம் வேண்டாம். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை சுமைக்கும் வண்டிக்கும் விலங்குகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. ஏற்றிச் செல்வதற்கும் அதையே கடைப்பிடியுங்கள். நம்ம ஊரில் பாதி வருஷம் அந்த நேரத்தில் நமக்கே வெளியே வர முடிவதில்லை.

பேரணாம்பட்டுத்தோல் | பத்து நாள் கழித்து

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

லாஸ்ட், அதாவது கால் வடிவ அச்சு, இல்லாமல் ஷூ தைக்கிற மடையன் எங்கும் இல்லை. நான் குதிரைக்கு அதைத்தான் செய்திருக்கிறேன். சரி, குதிரைக்கும் லாஸ்ட் எடுப்போம் என்று மருந்துக்கடையில் எலும்பு முறிவுக்குக் கட்டுகிற மாவுக்கட்டுச் சுருள் பத்து வாங்கினேன். ராஜா அடங்கிய குதிரை, கொள்ளு வாளியைக் காட்டினால் சிலை மாதிரி நிற்கும். முதுகில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, சுருளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, தோள் எலும்புக்குப் பின்னாலிருந்து கடைசி விலா வரை நாலு அடுக்கு போட்டோம். மாவு இறுகும்போது சூடாகும் என்பதை மறந்துவிட்டேன். ராஜா தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. கால் மணி நேரத்தில் ஓடு மாதிரி கழன்று வந்தது. உள்பக்கம் பார்த்தால் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவ்வளவு தெளிவு. நான் நினைத்ததைவிட முதுகு எவ்வளவு தட்டை. என் சட்டத்தை அதன் மேல் வைத்தேன். முன்னால் இரண்டு இடம், பின்னால் இரண்டு இடம், நாலே புள்ளியில் தொட்டது. நடுவில் காற்று.

கருப்பிக்கு இந்த வித்தை நடக்காது, அது கடிக்கும். அதற்கு வீட்டு வயரிங்கில் போடுகிற தடித்த செப்புக் கம்பியை முதுகில் மூன்று இடத்தில் வளைத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டேன். அதுவே போதும் என்று பிறகு தெரிந்தது. மாவுக்கட்டு என் ஆசைக்கு.

ஆசாரி சட்டத்தைப் புதிதாகச் செய்தார். முன்வளைவை இரண்டு விரல் அகலமாக்கினோம். சேணத்துக்கு அடியில் இருக்கும் மெத்தை இரண்டுக்கும் நடுவில் முதுகெலும்புக்கு நாலு விரல் பள்ளம். திணிப்பு ஆட்டுக் கம்பளிதான், ஸ்பாஞ்ச் இல்லை. குதிரை இளைத்தால் தடித்தால் பிரித்துக் கூட்டலாம் குறைக்கலாம். வார் எல்லாம் பாய் சொன்ன எருமைத் தோல், கைத்தையல். முன்வார், பின்வார், அக்கா சொன்ன மாதிரி. பட்டையில் எலாஸ்டிக் இரண்டு முனையிலும் வைத்தேன். ஒரு முனையில் மட்டும் வைத்தால் அந்தப் பக்கம் மட்டும் தொய்ந்து சேணத்தைக் கோணலாக்குமாம். அங்கவடியின் அகலம் பிள்ளையின் ஷூவைவிட ஓர் அங்குலம் கூட. அங்கவடி வார் மாட்டுகிற கொக்கி பின்பக்கம் திறந்தே இருக்கிறது. விழுந்த பிள்ளையின் கால் சிக்கினால் வாரோடு கழன்று வந்துவிட வேண்டும்.

இதில் ஒன்று சொதப்பியது. துமச்சி மாட்டுகிற 'டி' வடிவ இரும்பு வளையத்தை மேல்தோலில் தைத்துவிட்டேன். இரண்டாம் நாளே பிய்ந்து வந்தது. இப்போது சட்டத்தில் ஆணி வைத்து இறுக்கியாயிற்று.

பலன்: ராஜாவும் கருப்பியும் துள்ளு நடையில் பாலாற்று மணலில் அரை மணி நேரம். ஏறும் முன் சேணத்தின் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டோம். முடிந்து பார்த்தால் ராஜாவுக்குக் கோடு இருந்த இடத்திலேயே, கருப்பிக்கு அரை விரல் நகர்வு. பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது. முன்பு ஒரு விரல்கூட நுழையாது.

காட்பாடிக்குதிரை | அன்றே

கோடு போட்டது நல்ல யோசனை. ஒன்று மட்டும், பட்டையை ஒரே மூச்சில் கட்டாதீர்கள். கட்டும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும் கள்ளக் குதிரைகள் உண்டு. தளர்வாகக் கட்டி, பத்தடி நடத்தி, அப்புறம் ஒரு துளை. முன்னங்காலைத் தூக்கி முன்னால் இழுத்துவிடுங்கள், பட்டைக்கு அடியில் மடிந்த தோல் நேராகிவிடும். பழைய புண் இருந்த இடத்தில் இது ரொம்ப முக்கியம்.

மணி என்ன ஆயிற்று?

பேரணாம்பட்டுத்தோல் | அன்றே

மணிக்கு இன்னும் சேணம் தைக்கவில்லை அக்கா. டாக்டர் சொன்ன பிறகு வெறும் முதுகோடு நேராக நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தோம். இடுப்பின் வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக எழும்பி இறங்குகிறது. சேணம் சரிந்ததும் வலப்பக்கம்தான். லாடம் அடிப்பவர் வந்து குளம்பைச் சீவிப் பார்த்ததில் வலது பின்னங்காலில் பழைய சீழ்க் கோடு ஒன்று இருந்தது. கால்நடை மருத்துவர் பார்த்து மருந்து வைத்திருக்கிறார். ஒரு மாதம் யாரும் ஏறக் கூடாது என்று உத்தரவு. எத்தனை மாதமாக அந்தக் காலோடு பிள்ளைகளைச் சுமந்ததோ. நாங்கள் எல்லோரும் சேணத்தையே திட்டிக்கொண்டிருந்தோம்.

மாட்டாஸ்பத்திரி | மறுநாள்

ஒரு மாதம் ஆனதும் அளவை மறுபடி எடுங்கள். நொண்டல் போனால் முதுகின் சதையும் மாறும், இப்போது எடுத்த அட்டை அப்போது பொருந்தாது.

ஜட்காபேரன் | மறுநாள்

எல்லாம் சரி, துமச்சிக்குள் என்ன திணித்தீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

பேரணாம்பட்டுத்தோல் | மறுநாள்

ஆளி விதைதான் அண்ணே, தாத்தா வாக்கைத் தட்டுவேனா. வேலூர் மார்க்கெட்டில் அரை கிலோ வாங்கினேன். இரண்டு துமச்சிக்கும் சேர்த்து இரண்டு கைப்பிடிதான் போனது. மீதியை வீட்டில் இட்லிப் பொடிக்கு வறுத்துவிட்டார்கள். மணிக்கு என்று எடுத்துவைத்ததும் அதில் போய்விட்டது, மறுபடி வாங்க வேண்டும்.